உதட்டோரக் கொப்புளமும் உள்ளே ஓடும் தண்டவாளமும்

(ஓய்வு பெற்ற ரயில்வே என்ஜினீயர், அஜ்னி, நாக்பூர்)

உதட்டோரத்தில் முதலில் ஒரு குறுகுறுப்பு. பிறகு லேசான எரிச்சல். மறுநாள் காலையில் கண்ணாடியில் பார்த்தால் கடுகு கடுகாக நாலைந்து நீர்க்கொப்புளங்கள் ஒன்றுகூடி உட்கார்ந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் உடைந்து, பொருக்குத் தட்டி, பத்து நாளில் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். ஆறு மாதமோ ஆறு வருஷமோ கழித்து, சொல்லி வைத்தாற்போல் அநேகமாக அதே இடத்தில் மறுபடி வரும்.

நம் வீடுகளில் இதற்கு 'சூடு' என்று ஒரே வார்த்தையில் காரணம் சொல்லிவிடுவோம். மோர் குடி, வெண்ணெய் தடவு, வெயிலில் அலையாதே என்பார்கள். நாக்பூர் மே மாத வெயிலில், 45 டிகிரியில் நின்றுகொண்டு 'சூடு' என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் வெயில் கதவைத் தட்டுகிறதே தவிர, உள்ளே குடியிருப்பவன் வேறு ஆள். அவன் பெயர் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ்.

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். முப்பத்தேழு வருஷம் லோகோ ஷெட்டில் குப்பை கொட்டியவன், படித்தது மெக்கானிக்கல் டிப்ளமா. காரணம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் பெண்ணுக்கு வரன் நிச்சயமாகும் நேரம். இரு வீட்டாரும் சம்மதித்து, கல்யாணத்துக்கு முன் ஆரோக்கியப் பரிசோதனை செய்துகொண்டார்கள். நல்ல காரியம்தான். பெண்ணின் ரிப்போர்ட்டில் 'ஹெச்.எஸ்.வி. ஒன்று, ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்' என்று ஒரு வரி. பிள்ளை வீட்டில் ஒருவர் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்து, 'ஹெர்பீஸ் என்றால் பால்வினை நோயாமே' என்று சொல்ல, பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. பெண்ணின் தகப்பனார் என்னோடு ஷெட்டில் வேலை பார்த்தவர். ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். என் மருமகள் கல்லூரியில் மைக்ரோபயாலஜி சொல்லிக் கொடுக்கிறவள்.

அவள் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, இந்த டெஸ்டை உங்களுக்கு எடுத்தாலும் அநேகமா இப்படித்தான் வரும்." எடுத்தேன். வந்தது. அறுபத்தாறு வயதில் நானும் 'பாசிட்டிவ்'. அதன் பிறகு அவள் கொடுத்த புத்தகங்களையும் கட்டுரைகளையும் மூன்று மாதம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, நான் விட்டுவந்த ஷெட்டும் யார்டும் கண்ணில் தெரிந்தன. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஆள் யார்?

ஹெர்பீஸ் என்ற சொல் 'ஊர்வது' என்ற பொருளுள்ள கிரேக்க மொழிச் சொல்லிலிருந்து வந்தது. இது ஒரு பெரிய குடும்பம். மனிதரைப் பிடிப்பவர்கள் மட்டும் ஒன்பது பேர். நாம் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி வேப்பிலை வைக்கிறோமே, அந்தச் சின்னம்மை வைரஸும் இந்தக் குடும்பம்தான். அதே சின்னம்மை வைரஸ் வயதான காலத்தில் மறுபடி கிளம்பி, இடுப்பிலோ மார்பிலோ பட்டையாகக் கொப்புளம் போட்டால் அதுதான் அக்கி. ஊரில் குயவரிடம் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொள்வார்கள். இங்கே மராட்டிக்காரர்கள் 'நாகீண்' என்பார்கள். ஆக, அக்கி வேறு, உதட்டுக் கொப்புளம் வேறு. ஒரே வம்சம், வேறு வீடு.

ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸில் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் எச்சில் மூலம், சின்ன வயதிலேயே தொற்றுவது. இரண்டாம் வகை பெரும்பாலும் உடலுறவு மூலம் தொற்றுவது. சில சமயம் முதல் வகையும் அப்படித் தொற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரிடம், அதாவது 64 சதவீதத்தினரிடம் முதல் வகை இருக்கிறது. இரண்டாம் வகை 15 முதல் 49 வயதுக்காரர்களில் சுமார் 52 கோடிப் பேரிடம். முதல் வகையைச் சுமப்பவர்களில் பலருக்கு வாழ்நாளில் ஒரு கொப்புளம்கூட வராது.

சரக்கும் பெட்டியும்

முழு வைரஸின் குறுக்களவு சுமார் 200 நானோமீட்டர். ஐயாயிரம் வைரஸ்களை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். வெளியே கொழுப்பாலான ஓர் உறை. அதில் முள் முள்ளாகப் புரதங்கள். நடுவே இருபது முகங்களுள்ள ஒரு கெட்டியான பெட்டி, அதன் குறுக்களவு 125 நானோமீட்டர். பெட்டிக்கும் உறைக்கும் இடையில் வேறு பல புரதங்கள். இவற்றை, வண்டி போய்ச் சேர்ந்ததும் வேலையைத் தொடங்க முன்கூட்டியே ஏற்றி அனுப்பும் ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் இருக்கும் சரக்கு டி.என்.ஏ. சுமார் 1,52,000 எழுத்து ஜோடிகள். எண்பதுக்கு மேற்பட்ட புரதங்களுக்கான வரைபடம் அதில் இருக்கிறது. அதை நேராக நீட்டினால் 52 மைக்ரான் வரும், பெட்டியின் அகலத்தைப்போல் 400 மடங்குக்கு மேல். அவ்வளவையும் உள்ளே திணித்திருப்பதால் அழுத்தம் எகிறுகிறது. 2013ல் அதை அளந்து சுமார் 20 அட்மாஸ்பியர் என்று சொன்னார்கள். நம் ரயிலின் பிரேக் பைப்பில் இருக்கும் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. அதைப்போல் நாலு மடங்கு! இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

கதவு திறக்கும் விதம்

வைரஸுக்குத் தானாக நகரத் தெரியாது, உண்ணத் தெரியாது, பெருகத் தெரியாது. உயிருள்ள செல்லுக்குள் போனால்தான் அதற்குப் பிழைப்பு. வாயின் உட்புற ஈரத்தோல், அல்லது கீறல் பட்ட தோல் அதன் வாசல்.

முதலில் செல்லின் மேல் பாசிபோல் படர்ந்திருக்கும் ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியில் லேசாக ஒட்டிக்கொள்கிறது. பிறகு 'டி' என்ற முள், நெக்டின் போன்ற ஓர் ஏற்பியைப் பிடிக்கிறது. நெக்டின் என்பது பக்கத்துப் பக்கத்துச் செல்கள் கை கோத்துக்கொள்ள வைத்திருக்கும் புரதம். நல்லதற்கு நீட்டிய கையைத்தான் இது பற்றிக்கொள்கிறது. 'டி' பூட்டில் பொருந்தியதும் 'ஹெச்', 'எல்' என்ற ஜோடிக்குச் சைகை போகிறது. அது 'பி' என்ற முள்ளை விடுவிக்கிறது. 'பி' நிமிர்ந்து மடங்கி, வைரஸின் உறையையும் செல்லின் சவ்வையும் இழுத்து ஒட்டிவிடுகிறது. இரண்டு எண்ணெய்த் துளிகள் சேர்வதுபோல் உறையும் சவ்வும் ஒன்றாகிவிட, பெட்டி உள்ளே இறங்கிவிடுகிறது. ஒன்று நடந்தால்தான் அடுத்தது. இண்டர்லாக்கிங் செய்த சிக்னல்போல வரிசை தப்பாத வேலை.

அப் லைன், டவுன் லைன்

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செல்லுக்குள் நுண்குழல்கள் என்ற மெல்லிய பாதைகள் ஓடுகின்றன. செல் தன் சொந்தச் சரக்கை அங்கும் இங்கும் அனுப்பப் போட்டு வைத்த பாதை. அதன்மேல் இரண்டு வகை எஞ்சின்கள். உட்கருவை நோக்கி இழுப்பது டைனீன். எதிர்த்திசையில், செல்லின் விளிம்பை நோக்கி இழுப்பது கைனீசின் வகை. இரண்டும் புரதங்கள்தான். ஏ.டி.பி. என்ற எரிபொருளைச் செலவழித்துக்கொண்டு அடி மேல் அடி வைத்து நடக்கின்றன.

வைரஸுக்குச் சொந்த எஞ்சின் கிடையாது. உள்ளே வந்த பெட்டி டைனீனோடு தன்னை மாட்டிக்கொள்கிறது. டிக்கெட் இல்லாப் பயணம்! உட்கருவின் சுவரில் உள்ள துளை ஒன்றின் வாயில் போய் நிற்கிறது. பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் ஒரு வாசல் உண்டு. அது திறந்ததும், அந்த 20 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் டி.என்.ஏ. உட்கருவுக்குள் பீய்ச்சி அடிக்கப்படுகிறது. காலிப் பெட்டி வெளியிலேயே நின்றுவிடுகிறது.

ஷெட் கைமாறுகிறது

கூட வந்த ஆட்களில் வி.பி. 16 என்ற புரதம், செல்லின் சொந்தப் புரதங்கள் இரண்டைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு, வைரஸின் முதல் ஐந்து ஜீன்களை முடுக்கிவிடுகிறது. இன்னொரு புரதம் செல் தன் வேலைக்காக எழுதி வைத்த ஆர்.என்.ஏ. உத்தரவுகளைக் கிழித்துப் போடுகிறது. ஷெட்டில் பழைய ஜாப் கார்டுகளைக் கிழித்துவிட்டு, புது ஆள் தன் கார்டுகளை மாட்டுவதுபோல்.

முதல் ஐந்தில் ஒன்றுக்குத் தனி வேலை. நம் செல்கள் உள்ளே நடப்பதன் மாதிரித் துண்டுகளை வெளிச்சுவரில் காட்டிக்கொண்டே இருக்கும். ரோந்து வரும் வெள்ளணுக்கள் அதைப் பார்த்துத்தான் 'இங்கே திருடன் இருக்கிறான்' என்று கண்டுபிடிக்கும். அந்தக் காட்சிப் பலகைக்குத் துண்டுகளை அனுப்பும் வழியையே இந்தப் புரதம் அடைத்துவிடுகிறது.

அடுத்து இரண்டாம் தொகுதி ஜீன்கள். இவை டி.என்.ஏ.வை நகலெடுக்கும் இயந்திரங்களைச் செய்கின்றன. தைமிடின் கைனேஸ் என்ற நொதி இந்தத் தொகுதியில்தான் பிறக்கிறது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். மூன்றாம் தொகுதி கடைசியில். அவை பெட்டிக்கும் உறைக்கும் வேண்டிய பாகங்கள். பெட்டிகள் உட்கருவிலேயே கோக்கப்படுகின்றன. ஒரு மோட்டார், எரிபொருள் செலவழித்து, நகலெடுத்த டி.என்.ஏ.வை அந்த ஒற்றை வாசல் வழியே உள்ளே திணிக்கிறது. நிரம்பிய பெட்டி உட்கருவின் இரட்டைச் சுவரைத் தாண்டி வந்து, செல்லின் பொட்டலம் கட்டும் இடமான கால்ஜிப் பகுதியில் தன் உறையைப் போர்த்திக்கொண்டு வெளியேறுகிறது. ஒரு நாளுக்குள் இத்தனையும் முடிந்துவிடும். அந்தச் செல் சாகிறது. பக்கத்துச் செல்களுக்கும் அதே கதி. அப்படிச் செத்த செல்களும், எதிர்த்துப் போராட வந்த வெள்ளணுக்களும், கசிந்த நீரும் சேர்ந்ததுதான் நாம் கண்ணாடியில் பார்க்கும் கொப்புளம்.

சைடிங்கில் ஒதுங்கிய வண்டி

இத்தோடு போனால் இது சளி பிடிப்பதுபோல வந்து போகும் நோயாக இருந்திருக்கும். ஆனால் தோலில் நரம்பு நுனிகளும் இருக்கின்றனவே! சில வைரஸ்கள் அந்த நுனிக்குள் புகுந்து, மறுபடி டைனீனைப் பிடித்துக்கொண்டு, நரம்பின் நீளம் முழுவதும் பயணம் செய்து மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள நரம்பு முடிச்சுக்குப் போகின்றன. முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பின் முடிச்சு அது. இரண்டாம் வகை பெரும்பாலும் இடுப்புக்குக் கீழுள்ள முடிச்சுகளில் தங்கும்.

தூரத்தைப் பாருங்கள். பத்து சென்டிமீட்டர் என்று வைத்தால், வைரஸின் நீளத்தைப்போல் ஐந்து லட்சம் மடங்கு. இருபத்து நாலு எல்.எச்.பி. பெட்டிகளும் எஞ்சினும் சேர்ந்தால் சுமார் 600 மீட்டர். அந்த வண்டி இதே விகிதத்தில் ஓடினால் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடவேண்டும். நிலவுக்குப் போகும் வழியில் முக்கால் பங்குக்கு மேல்!

அங்கே போனதும் வைரஸ் பெருகுவதில்லை. டி.என்.ஏ. வளையமாகச் சுருண்டு, கிட்டத்தட்ட எல்லா ஜீன்களையும் அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. புரதம் செய்யாததால் ரோந்துக்காரர்கள் கண்ணில் படாது. 1971ல் ஸ்டீவன்ஸ், குக் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எலிகளின் பாதத்தில் இந்த வைரஸைச் செலுத்தி, புண் ஆறிய பிறகு முதுகுத்தண்டின் அருகிலுள்ள நரம்பு முடிச்சுகளை எடுத்து வளர்த்தபோது, அங்கிருந்து வைரஸ் மறுபடி கிளம்பி வந்ததைக் காட்டினார்கள்.

கடும் வெயிலின் புற ஊதாக் கதிர், ஜுரம், மாதவிலக்கு, மன உளைச்சல், தூக்கமின்மை, ஆபரேஷன் என்று ஏதாவது ஒன்று சிக்னல் கொடுத்தால், சைடிங்கில் நின்ற வண்டி புறப்படும். இந்த முறை கைனீசின் இழுக்க, டவுன் லைனில், வந்த வழியே உதட்டுக்கு. அதனால்தான் அதே இடம். கொப்புளமே இல்லாமல் எச்சிலில் மட்டும் வைரஸ் வந்து போகும் நாட்களும் உண்டு.

டாக்டர் பட்டம் வாங்காத அம்மையார்

இதற்கு மருந்து கண்ட கதை சுவையானது. கெர்ட்ரூட் எலியன் 1918ல் நியூயார்க்கில் பிறந்தவர். வேதியியலில் நன்றாகத் தேறியும், பெண் என்பதால் ஆராய்ச்சி வேலை கிடைக்கவில்லை. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே மேல்படிப்பை முடித்தார். 1944ல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் சேர்ந்தார். மாலைநேரத்தில் பி.எச்.டி. படித்தபோது, முழு நேரம் படித்தால்தான் முடியும் என்றார்கள். வேலையை விட மனமின்றிப் படிப்பை விட்டார். 1988ல் நோபல் பரிசு வாங்கியபோதும் அவர் படித்து வாங்கிய பி.எச்.டி. இல்லை. டிப்ளமாக்காரனான எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் வந்ததில் வியப்பென்ன!

அதே நிறுவனத்து ஷேஃபர் என்ற வேதியியலாளரும் எலியனின் குழுவும் சேர்ந்து 1970களில் உருவாக்கியது ஏசைக்ளோவிர். 1982ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தத் தைமிடின் கைனேஸ் நினைவிருக்கிறதா? இந்த மருந்து செல்லுக்குள் சும்மா கிடக்கும். வைரஸின் தைமிடின் கைனேஸ் இருந்தால் மட்டுமே முதல் திறப்பு கிடைத்து, மேலும் இரண்டு படி தாண்டி வேலைக்குத் தயாராகும். நல்ல செல்லில் அந்த நொதி இல்லை, ஆகவே அநேகமாக அங்கே ஒன்றும் நடக்காது. தயாரான மருந்து டி.என்.ஏ. சங்கிலியின் ஒரு கண்ணிபோலவே இருக்கும். நகலெடுக்கும் இயந்திரம் ஏமாந்து அதைக் கோத்துவிடும். ஆனால் இது பின்பக்கம் கப்ளிங் இல்லாத பெட்டி. அடுத்த பெட்டியை மாட்ட முடியாது. ரேக் அங்கேயே நின்றுபோகும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, குறுகுறுப்புத் தொடங்கியவுடன் எடுத்தால்தான் பலன் ஜாஸ்தி. இரண்டு, நரம்பு முடிச்சில் தூங்கும் வைரஸ் நகலெடுப்பதே இல்லை, ஆகவே மருந்து அதைத் தொடாது. அடக்கலாம், ஒழிக்க முடியாது. இன்றுவரை தடுப்பூசியும் வரவில்லை.

வீட்டுக்கு வேண்டியவை

முதலாவது, பச்சைக் குழந்தை. பெரியவர்களுக்குப் பத்து நாள் தொந்தரவாக இருப்பது, பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்கு ஈரல், மூளை வரை பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். உதட்டில் புண் உள்ளவர், தாத்தாவோ அத்தையோ யாராக இருந்தாலும், குழந்தையை முத்தமிடக் கூடாது. தாய்க்கே வந்தால் கை கழுவி, வாயை மூடிக்கொண்டு பால் கொடுக்கலாம். மார்பில் புண் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்காமல் டாக்டரைக் கேட்க வேண்டும். கர்ப்பிணிக்கு அந்தரங்க இடத்தில் புண் இருந்தால் கூச்சப்படாமல் முன்பே சொல்லிவிட வேண்டும், பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றுவதுதான் அதிகம். தொட்டில் போடும் நாளில் "முத்தம் வேண்டாம்" என்று மருமகள் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அவள் மரியாதை தெரியாதவள் அல்ல, விஷயம் தெரிந்தவள்.

இரண்டாவது, கண். ஒரு கண் மட்டும் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அது வெறும் கண்வலியாக இல்லாமல் இருக்கலாம். இதே வைரஸ் கருவிழியில் மரக்கிளைபோல் புண் போடும். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தாங்களே வாங்கி விட்டுக்கொண்டால், சிவப்பு குறையும், உள்ளே புண் பெருகும், பார்வையே போகலாம். கண் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

மூன்றாவது, அபூர்வம்தான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். ஜுரத்தோடு பேச்சுக் குழறி, ஆளை அடையாளம் தெரியாமல், வலிப்பு வந்தால் மூளையில் தொற்றாக இருக்கலாம். காற்று சேஷ்டை என்று மந்திரிக்கக் காத்திராமல் அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏசைக்ளோவிரை ஊசி வழியாகச் சீக்கிரம் தொடங்கினால் பிழைக்க வழி உண்டு.

நாலாவது, அந்த ரிப்போர்ட். ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால், வாழ்நாளில் எப்போதோ இந்த வைரஸ் உடம்புக்குள் வந்தது, உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் செய்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, உடம்பில் எங்கே வந்தது என்று அந்தத் தாள் சொல்லாது. அதில் ஒருவருடைய நடத்தை எழுதியிருக்கவில்லை. முதல் வகையென்றால், பாட்டி வாயில் வைத்து ஊதிக் கொடுத்த கரண்டியோ, அம்மா கொடுத்த முத்தமோ காரணமாக இருந்திருக்கலாம். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையைப் பொதுவாகச் செய்ய வேண்டாம் என்றே அமெரிக்காவின் சி.டி.சி. நிறுவனமும் சொல்கிறது. இரண்டாம் வகை இருந்தாலும்கூட, அது மருந்துக்கு அடங்கும் ஒரு தொற்று. கணவன் மனைவியாகப் போகிறவர்கள் டாக்டர் முன்னிலையில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது. ஊர்ப் பஞ்சாயத்துக்கு உரியது அல்ல.

என் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு நான் பிள்ளை வீட்டுக்குப் போனேன். மரியாதையாக உபசரித்தார்கள், காபி கொடுத்தார்கள், மனம் மாறவில்லை. அந்தப் பெண் ஆறு மாதம் நம் சங்க விழா எதற்கும் வரவில்லை. தப்பு செய்தவள்போலத் தலை குனிந்து இருந்ததாக அவள் அப்பா சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. பிறகு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் முடிந்தது. அந்த மாப்பிள்ளை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல எல்லாருக்கும் வருஷா வருஷம் வாயில வரும்" என்றாராம்!

விஞ்ஞானிகள் இந்த வைரஸையே இப்போது வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தீங்கு செய்யும் ஜீன்களை நீக்கிய முதல் வகை வைரஸைத் தோல் புற்றுநோய்க் கட்டிக்குள் ஊசியாகப் போடும் சிகிச்சைக்கு 2015ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. தொட்டாலே தோல் உரியும் ஒரு பிறவி நோய்க்கு, நல்ல ஜீனை ஏற்றி அனுப்பும் சரக்குப் பெட்டியாக இதே வைரஸ் 2023 முதல் பயன்படுகிறது.

நம்மில் பாதிப் பேருக்கு மேல் சுமந்துகொண்டிருக்கும் ஒரு பயணி இது. அதைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. சிசுவையும் கண்ணையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். யார் வீட்டுப் பெண்ணின் ரிப்போர்ட்டிலாவது இந்த வரியைக் கண்டால், நாலு பேரிடம் சொல்வதற்கு முன் ஒரு டாக்டரிடம் கேளுங்கள்.